சம்சாத் பேகம் படம் பார்த்த விதம்

கடைக்குள் யாராவது நுழைந்தால் சம்சாத் பேகம் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், தோளைத்தான் பார்ப்பாள். எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, முதுகு நடுவில் குழிகிறதா மேலே கூனுகிறதா என்பதெல்லாம், வந்தவள் வாயைத் திறந்து ‘ஜாக்கெட் தைக்கணும்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு டேப் எடுத்து அளப்பது வந்தவளின் திருப்திக்காகத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற சாலையில், வீட்டின் முன்னறையையே கடையாக்கிப் பெண்களுக்கு மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள் அவள். ஊரில் தையல் கடைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து அவளிடம் துணி கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள் இருந்தார்கள். மற்றவர்கள் அளவுக்குத் தைத்தார்கள்; சம்சாத் ஆளுக்குத் தைத்தாள்.

“ரெண்டு தோளும் ஒண்ணுபோல இருக்கற பொம்பளைய நான் இன்னும் பாக்கலை. ஒருத்தி பிள்ளையை இடுப்புல வச்சே வளத்திருப்பா, ஒருத்தி தண்ணி சுமந்திருப்பா, ஒருத்தி மில்லுல ஒரே கையை நீட்டி நீட்டி இழை கட்டியிருப்பா. பொறவு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வெட்டுனா எப்படிப் பொருந்தும்?” என்பாள்.

அவள் கணவன் அகமது கபீர் பழைய பேப்பர் வியாபாரி. சைக்கிளின் பின்னால் தராசைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வாங்கி வருவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதிலிருந்து பெரிய தாள்களாகப் பார்த்துச் சம்சாத் எடுத்துக்கொள்வாள். புதிய மாதிரி ஜாக்கெட் என்றால் முதலில் தாளில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பது அவள் வழக்கம்.

எண்பத்தாறாம் வருஷம் போகி முடிந்த மறுவாரம், அப்படித் தாள் தேடப் போனபோது நான்கு பெரிய நோட்டுகள் அகப்பட்டன. கனத்த வெள்ளைத் தாள், தைத்த முதுகு. பேப்பர் கட்டிங்குக்கு இதைவிட நல்ல தாள் கிடைக்காது என்று ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். வலது கையில் கத்தரி இருந்தது. தாளைப் புரட்டியவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

தாள் முழுக்க மனிதர்கள். கரியாலும் கறுப்பு மையாலும் போட்டவை. காலண்டர் படங்களில் இருக்கிற வழவழப்பு எதுவும் அதில் இல்லை. கோடுகள் சில இடங்களில் நூல்போல மெலிந்தும், சில இடங்களில் தாளே கிழிந்துவிடும்போல அழுந்தியும் இருந்தன. கைகள் தேவைக்கு மேல் நீண்டிருந்தன. முட்டியும் கணுக்காலும் முடிச்சு முடிச்சாகத் துருத்திக்கொண்டிருந்தன. பல உருவங்களுக்கு முகமே இல்லை. ஒரு கோடு கன்னத்தில் இறங்கி அப்படியே நின்றுபோயிருந்தது.

சம்சாத் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆச்சரியம் கூடியது. இந்தப் பெண்களை எல்லாம் தனக்குத் தெரியும் என்று தோன்றியது. ஆண்டாள் தேர் பார்க்க நின்று நின்று கால் மாற்றுகிறவள் ஒருத்தி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உடம்பு முழுவதையும் ஒரு இடுப்பில் போட்டுவிட்டு நிற்கிறவள் ஒருத்தி. பதினோராவது தாளில் ஒரு பெண் முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை, இடது கை அதைப் பிடித்திருந்தது. இருபது கோடுகூட இருக்காது. அதைப் பார்த்தவுடன் சம்சாத் சத்தமாகவே சொல்லிவிட்டாள்:

“இது அழகுத்தாயக்கால்ல!”

கொட்டகையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கபீர் எட்டிப் பார்த்தார். “யாரு வந்திருக்கா?”

“யாரும் வரலை மச்சான். இதைப் பாருங்க.”

அவர் பார்த்தார். ஒரு தாள், இரண்டு தாள் புரட்டினார். சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். “என்ன இது, துணிமணி இல்லாத மாதிரி இருக்கு? மூடி வை.”

“துணி இருக்கு. நல்லாப் பாருங்க, முந்தானை இந்தா கிடக்கு. துணிக்குள்ள ஆளு எப்படி நிக்காகன்னு போட்டிருக்காக. நான் தெனமும் பாக்கறது இதைத்தான்.”

“உருவப் படம், தொழுகிற ரூம்ல கொண்டுபோய் வச்சிராதே.”

“அங்க எதுக்குக் கொண்டுபோறேன்? துணி பீரோவுல இருக்கட்டும்.”

அவள் அந்த நோட்டை வெட்டவில்லை. நான்கையும் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கிவைத்தாள்.

அழகுத்தாய் சுந்தரபாண்டியத்துக்காரி. தினமும் முதல் பஸ்ஸில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொண்டுவந்து கோயில் தெருக்களில் விற்பாள். கூடையைத் தலையில் வைத்து இடது கையால் பிடித்தே இருபது வருஷம் நடந்ததில், அவளுடைய இடது தோள் மேலே ஏறியிருந்தது. அவளுக்குத் தைக்கும்போது சம்சாத் ஜாக்கெட்டின் இடது கையைத் தோளோடு ஏற்றித் தைக்கிற இடத்தில் அரை இஞ்ச் கூட விட்டு வெட்டுவாள். அந்த வாரம் தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்தவளைப் பிடித்து உட்காரவைத்துப் படத்தைக் காட்டினாள்.

“யாருட்டி இது, பேய் கணக்கா?” என்றாள் அழகுத்தாய்.

“நீதாங்கா.”

“நானா? எம் முதுகு இப்படியா கோணிக் கிடக்கு?”

சம்சாத், தைத்து வைத்திருந்த அவளுடைய ஜாக்கெட்டை எடுத்துத் தரையில் விரித்து, படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஏறியிருந்தது. படத்திலும் அப்படியே. அழகுத்தாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கோயில் தெரு ஐயங்கார் வீட்டு மாமி ஒண்ணு, நான் காய் கொண்டுபோனா நோட்டும் கையுமா சன்னல்ல உக்காந்திருக்கும். அதுதான் போட்டிருக்கணும்” என்றாள் பிறகு. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. கேட்டிருந்தா நல்ல சேலையா உடுத்திட்டு வந்திருப்பேன்லா?”

நோட்டுகளை எந்த வீட்டில் வாங்கினார் என்று கபீருக்கு நினைவிருந்தது. மறுநாள் மதியம் சம்சாத் நான்கு நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

கதவைத் திறந்தவளின் பெயர் ஸாவித்ரி. நாற்பது வயதிருக்கும். கணவர் வேங்கடேசன் பாங்கில் வேலை பார்த்தார். ஸாவித்ரியின் வலது கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் மை ஊறிக் கறுத்திருந்ததைச் சம்சாத் முதலில் கவனித்தாள். பையிலிருந்து நோட்டு வெளியே வந்ததும் ஸாவித்ரியின் முகம் மாறியது.

“இதை ஏன் திரும்பக் கொண்டுவந்தேள்? வேண்டாம்னுதானே போட்டேன்.”

“எங்க வீட்டுக்காரக பேப்பர்னு வாங்கிட்டாக மாமி. நான் வெட்டப் போனேன். வெட்ட முடியலை.”

“வெட்டியிருக்கலாமே. குப்பைதான்.”

“குப்பைன்னு யாரு சொன்னா?”

அந்தக் கேள்வியில் இருந்த அதட்டல் ஸாவித்ரியைச் சிரிக்கவைத்தது. “உள்ள வாங்கோ” என்றாள்.

அவள் கல்யாணத்துக்கு முன் சென்னையில் இரண்டு வருஷம் ஓவியம் படித்தவள். படிப்பை முடிக்கவில்லை. கல்யாணமாகி ஊருக்கு வந்த பிறகும் சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை வரைந்துகொண்டே இருந்தாள். போன வருஷம் பத்துப் படங்களை ஒரு போட்டிக்கு அனுப்பினாள். பத்தும் திரும்பி வந்தன. ‘உருவங்களில் அளவும் இல்லை, அழகும் இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். போகிக்குப் பழையதைக் கழித்தபோது நோட்டுகளையும் சேர்த்துக் கழித்துவிட்டாள்.

“அளவு இல்லைன்னு சொன்னவுக வாழ்நாள்ல ஒரு ஆளையாவது அளந்திருப்பாகளா?” என்றாள் சம்சாத். “நான் தெனமும் ஆறேழு பேரை அளக்கேன். இதுல அளவு இருக்கு. அழகுத்தாயக்கா தோள் அரை இஞ்ச் ஏத்தம். நீங்க போட்டதும் அதே ஏத்தம்தான்.”

“அளந்து போடலையே நான்.”

“அதான் சொல்லுதேன். அளக்காமலே வந்திருக்கு.” சம்சாத் தாளில் விரலை வைத்தாள். “இந்தாப் பாருங்க, இந்த இடத்துல கோடு எம்புட்டு அழுத்தமா இருக்கு. கூடையோட பாரம் மொத்தமும் இங்கதான் எறங்குது. காலுக்கு வரும்போது கோடு லேசாயிருச்சு. ஏன்னா அவ வேகமா நடக்கா, கால் தரையில தங்கலை. ஜாக்கெட் ஒருத்திக்கு எங்க இறுக்குதுன்னு அவ சொல்லவே வேண்டாம் மாமி. இழுபடுற இடத்துல துணி சுருங்கிக் காட்டிக்குடுத்திரும். உங்க கோடும் அப்படித்தான். ஒடம்பு எங்க இழுக்குதோ அங்க போய் நிக்கி.”

ஸாவித்ரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

“ஆனா ஒண்ணு” என்றாள் சம்சாத். “போட்டது சரி. கேக்காம போட்டது தப்பு. அந்தக்கா வருத்தப்படுதா.”

மறுநாள் காலையில் ஸாவித்ரி வாசலுக்கு வந்து அழகுத்தாயிடம் மன்னிப்புக் கேட்டாள்; இனி வரையட்டுமா என்றும் கேட்டாள். அழகுத்தாய், “போடுங்க. ஆனா நேரா நிக்கற மாதிரி ஒண்ணாவது போடுங்க” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

அன்றிலிருந்து சம்சாத் வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை மதியம் கடையை மூடிய நேரத்தில், ஸாவித்ரி வீட்டுக்குப் போனாள். ஸாவித்ரியிடம் வெளிநாட்டு ஓவியர்கள் சிலரின் படங்கள் உள்ள ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் ஒருவர் வரைந்த மனிதர்களுக்கு விரல்கள் கிளை கிளையாக நீண்டு, தோள் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வரப்போவதுபோல நின்றன. முதல்முறை பார்ப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்றாள் ஸாவித்ரி. சம்சாத் சுளிக்கவில்லை.

“இவுக காய்ச்சல்காரக பக்கத்துல ரொம்ப நாள் உக்காந்திருந்தவுக” என்றாள். “எங்க அத்தா சீக்குல கிடந்து எந்திரிச்சப்போ இப்படித்தான் கையை வச்சுக்கிட்டு உக்காருவாக. விரல் மட்டும் தனியாத் தெரியும்.”

வேறொருவர் ஒரே கோட்டில், கையை எடுக்காமல், ஒரு பெண் குனிந்து தலைமுடியை உதறுவதை வரைந்திருந்தார். அதற்குச் சம்சாத் தலையை ஆட்டினாள். “கெட்டிக்காரக. ஆனா அந்தப் பொம்பளை மேல அவுகளுக்கு அக்கறை இல்லை. தன்னோட கையைத்தான் ரசிச்சிருக்காக.” ஸாவித்ரி வாதாடினாள். கோட்டின் ஓட்டமே ஒரு இன்பம்தானே என்றாள். இருக்கலாம் என்றாள் சம்சாத்; தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எல்லாம் சுமுகமாகவே போய்விடவில்லை. எண்பத்தெட்டில் ஒரு நாள் ஸாவித்ரி புதிதாகப் போட்ட ஒரு பெரிய படத்தைக் காட்டினாள். குளத்துப் படியில் ஒரு பெண், தோளில் குடம். வளைவுகள் எல்லாம் பூங்கொடிபோல இருந்தன. வேங்கடேசன் பார்த்துவிட்டு, இதை ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று சொல்லியிருந்தார். சம்சாத் நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

“உங்க முகம் அப்படிச் சொல்லலையே.”

“இவ நிக்கலை மாமி. தொங்குறா. காலுக்கடியில படி இருக்கு, ஆனா பாரம் படியில எறங்கலை. குடத்துல தண்ணியே இல்லை. போட்டிக்காரகளுக்காகப் போட்டிருக்கீக.”

ஸாவித்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. “எல்லாத்துக்கும் நீங்க ஒரு டேப்பைத் தூக்கிண்டு வந்துடறேள்” என்று எழுந்து உள்ளே போனாள். இரண்டு மாதம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவில்லை. சம்சாத்துக்கு வருத்தம் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. கபீர்தான், “நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சிரும்?” என்று கேட்டார்.

“பிட்டிங் சரியில்லாத ஜாக்கெட்டை நல்லாருக்குன்னு சொல்லி அனுப்புனா அவ பொறவு என் கடைக்கு வருவாளா மச்சான்?”

ஆடி மாதக் கடைசியில் ஸாவித்ரியே கடைக்கு வந்தாள். கையில் நோட்டு. வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, “உங்களைப் போடணும். கேட்டுட்டுப் போடறேன்” என்றாள். குளத்துப் படிப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சம்சாத்தும் கேட்கவில்லை. “போடுங்க. எனக்கு வேலை கிடக்கு, நான் தைச்சுக்கிட்டே இருப்பேன்” என்று மிஷினில் உட்கார்ந்தாள். ரம்ஜானுக்கு நாலு நாள்தான் இருந்தால்கூட அவ்வளவு துணி சேராது. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மொத்தமாகக் கொடுத்திருந்தார்கள்.

மூன்று மதியங்கள் ஸாவித்ரி வந்து உட்கார்ந்து வரைந்தாள். மூன்றாம் நாள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

மிஷின்மேல் கவிந்த ஒரு முதுகு. அது வில்லாக வளைந்து, தாளின் மேல் பாதியை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. கழுத்து முன்னால் நீண்டு, தலை முண்டத்தைவிட்டுத் தனியாகப் போய்விடும்போலத் தொங்கியது. வாயில் குண்டூசிகள். பாதம் ஒன்று மிஷினின் மிதிபலகையை அழுத்தியிருந்தது. அந்தப் பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. முகத்துக்கு இரண்டே கோடு.

சம்சாத் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி செருகி வைக்கிற சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். ஊரில் உள்ள எல்லாப் பெண்களின் முதுகையும் அறிந்தவளுக்குத் தன் முதுகு தெரியாமல் போயிருந்தது. இவ்வளவு வளைந்துவிட்டதா? முப்பத்தைந்து வயதில்? கண் கலங்கியதை மறைக்கத் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

“பொய்யா?” என்று கேட்டாள் ஸாவித்ரி. குரல் இறங்கியிருந்தது.

“நாளைக்குச் சொல்லுதேன்.”

மறுநாள் ஸாவித்ரி வருவதற்கு முன்பே சம்சாத் கோயில் தெருவுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்: “பொய் இல்லை. அந்தக் கால் பெரிசா இருக்கே, அதுதான் ரொம்ப சரி. எனக்குச் சாயங்காலம் ஆச்சுன்னா அந்தக் கால் மட்டும்தான் இருக்கற மாதிரி இருக்கும். அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“மிதிக்கிற சத்தத்தைக் கேட்டுண்டே போட்டேன்” என்றாள் ஸாவித்ரி.

வீட்டுக்குத் திரும்பியதும் சம்சாத் செய்த முதல் காரியம், மிஷின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அதை உயர்த்தியதுதான். ஸ்டூலையும் மாற்றினாள். கழுத்து வலி ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தது. “டாக்டருக்குப் போயிருந்தா மாத்திரை குடுத்திருப்பாக. மாமி என்னையத் திருப்பிக் காமிச்சுட்டாக” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தொண்ணூற்றொன்றில் ராஜபாளையத்தில் ஸாவித்ரியின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. மில் ஊழியர்களும் வாத்தியார்களுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்திய ஒரு வாசகர் வட்டம் அதற்கு ஏற்பாடு செய்தது. கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டார்கள். எந்தப் படங்கள் என்று தேர்ந்தெடுத்தது ஸாவித்ரியும் சம்சாத்தும். கபீர் சைக்கிள் கேரியரில் அட்டை போட்டுக் கட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். சம்சாத்தை வரைந்த மிஷின்காரி படமும் அதில் இருந்தது. வைக்கலாமா என்று ஸாவித்ரி கேட்டபோது சம்சாத் கபீரிடம் கேட்டாள். அவர், “முகந்தான் இல்லையே. உனக்குச் சரின்னா எனக்கும் சரி” என்றார்.

முதல் நாள் காலையிலேயே அழகுத்தாய் கூடையோடு மாடியேறி வந்து தன் படத்தைப் பார்த்தாள். “இன்னும் பேய் கணக்காத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்று, வந்தவர்களிடமெல்லாம் “இது நானு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தங்கச்சாமி என்ற ஓவிய ஆசிரியர் மனைவியோடு வந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக்கொடுத்தவர். ராஜபாளையத்தில் அவரிடம் படிக்காதவர்கள் குறைவு. அவர் உள்ளே வந்ததும் நாலைந்து பேர் மரியாதையாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கையைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். மிஷின்காரியின் முன்னால் வந்ததும் சிரித்துவிட்டார்.

“மனுச ஒடம்புக்கு ஒரு கணக்கு இருக்கு. தலை ஒண்ணுன்னா ஒடம்பு ஏழரை. இதுல பாதமே ரெண்டு தலை இருக்கு. யார் இந்தக் கூனக் கிழவி?”

பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஸாவித்ரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சம்சாத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

“நாந்தான் சார் அது.”

சிரிப்பு நின்றது. தங்கச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். நேராக நின்ற, முப்பத்தெட்டு வயதுப் பெண். “மன்னிச்சிருங்கம்மா. ஆனா பாருங்க, நீங்க இப்படியா இருக்கீங்க?”

“இருந்தேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். சார், நீங்க சொல்லுத கணக்கு சும்மா நிக்கற ஆளுக்குச் சரியா இருக்கும். வேலை செய்யற ஆளுக்கு அந்தக் கணக்கு நிக்காது. இப்போ உங்க சட்டையே சொல்லுதே. உங்க வலது தோள் இடது தோளைவிட ஏறியிருக்கு. முக்கால் இஞ்ச் இருக்கும்.”

“எனக்கா?” அவர் தன் தோள்களைப் பார்த்துக்கொள்ள முயன்றார்.

“முப்பது வருசம் போர்டுல கையைத் தூக்கி எழுதியிருக்கீக. பொறவு ஏறாம எப்படி இருக்கும்?” சம்சாத் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து அவருடைய மனைவியிடம் நீட்டினாள். “நீங்களே வச்சுப் பாருங்கக்கா. தரையில இருந்து தோள் வரைக்கும், ரெண்டு பக்கமும்.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். மாடியில் இருந்த முப்பது பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள். தங்கச்சாமி, மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைபோல விறைப்பாக நின்றார். அவள் அளந்தாள், சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தாள்.

“முக்கால் இல்லம்மா” என்றாள். “முழுசா ஒரு இஞ்ச் இருக்கு. அதான் இவுகளுக்கு எந்தச் சட்டையும் ஒழுங்கா உக்காரவே மாட்டேங்குது.”

கூட்டம் சிரித்தது, தங்கச்சாமியும் சிரித்தார். ஆனால் அவர் அத்தோடு விடுகிறவர் அல்ல. “சரிம்மா, ஒரு இஞ்ச். ஒத்துக்கிறேன். பாதம் ரெண்டு தலை நீளம் எந்தக் கணக்கு?”

“அது இஞ்ச்ல வராது சார்” என்றாள் சம்சாத். “அது வலியோட நீளம். பல்வலி வந்தா வாய்க்குள்ள அந்த ஒரு பல்லு மட்டும்தானே இருக்கு? அந்த மாதிரி. கண்ணால பாத்ததை மட்டும் போட்டா அது போட்டோ. ஒடம்புக்கு என்ன தெரியுதோ அதையும் சேத்துப் போட்டிருக்காக இவுக.”

தங்கச்சாமி படத்துக்குத் திரும்பி நின்றார். இந்த முறை கை பின்னால் கட்டியிருக்கவில்லை. ஒரு விரல் காற்றில் அந்த முதுகின் கோட்டை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டே போனது, மிதிபலகைவரை. போகும்போது ஸாவித்ரியிடம், “பாதம் விஷயத்துல எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனா அந்த முதுகு, ஒரே இழுப்புல போட்டதா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள் அவள். “எனக்கு வராது” என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார். மறுநாள் தன் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை வரிசையாக அனுப்பிவைத்தார். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சம்சாத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அதன் பிறகு மதுரையில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று ஸாவித்ரிக்குக் கண்காட்சிகள் நடந்தன. பெரிய புகழ் என்று சொல்ல முடியாது. படம் வாங்குகிறவர்கள் சிலர் அவள் பெயரைத் தெரிந்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தொண்ணூற்றைந்தில் சென்னையில் ஒருவர் மிஷின்காரி படத்தைக் கேட்டார். ஸாவித்ரி ஊருக்கு வந்து சம்சாத்திடம் கேட்டாள்.

“குடுத்திருங்க மாமி. எனக்கு எதுக்கு அது? என்னை எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாதவுக பாக்கட்டும்.”

“அப்ப உங்களுக்கு வேற ஒண்ணு எடுத்துக்கோங்கோ. எது வேணும்னாலும்.”

சம்சாத் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து தேடினாள். கடைசியில் ஒரு சிறிய படத்தை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒரு பெண், முட்டிமேல் கையும் கைமேல் நெற்றியுமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றன. கபீரே அதற்கு ஃப்ரேம் போட்டு வாங்கி வந்து, மிஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கியவர் அங்கேயே நின்று படத்தைப் பார்த்தார். “பாவம், யாரையோ பறிகுடுத்துட்டு வந்திருக்கா” என்றார். சம்சாத்தும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அழுகிற பெண் என்றே கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அழும்போது தோள் எப்படி ஏறும், மூச்சு எங்கே சிக்கும் என்று விளக்கவும் செய்தாள்.

அடுத்த வருஷம் ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கிற வெள்ளத்தாய் என்ற பெண் முதல்முறையாகத் துணி கொடுக்க வந்தாள். முன்னால் இரண்டு பேர் இருந்ததால் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன தாயி சிரிக்க?” என்றாள் சம்சாத், டேப்பும் கையுமாக.

“இல்லக்கா, இந்தப் படத்துல இருக்கறவளைப் பாத்துத்தான். சிரிப்பை அடக்க முடியாம குனிஞ்சிட்டா பாருங்க.”

“சிரிக்காளா? அழுதுக்கிட்டுல்ல இருக்கா?”

“அழுதா வயிறு இப்படியா உள்ள இழுக்கும்? காலைப் பாருங்க, பெருவிரலை எப்படி மடக்கியிருக்கா! நாங்க மில்லுல சூப்பர்வைசர் நிக்கும்போது சிரிப்பு வந்தா இப்படித்தான் பெருவிரலை மடக்கி அடக்குவோம்.”

சம்சாத் படத்தின் அருகே போனாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பெருவிரல் மடங்கியிருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் பார்த்த படத்தில் அந்த விரலை அவள் பார்த்திருக்கவில்லை. தோளைப் பார்த்ததோடு நின்றுவிட்டாள். இரண்டாவது முறை பார்க்கையில் முதுகின் கோடு குலுங்குவதுபோல இருந்தது.

“மச்சான்!” என்று கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தாள். “இங்க வாங்களேன், ஒரு விசயம்.”

கபீர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சம்சாத் வெள்ளத்தாயைப் படத்துக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“நீ சொன்னதை இவுககிட்ட மொதல்ல இருந்து சொல்லு தாயி.”